தணல்

மீனாட்சிபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆங்கில மனு.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
பாலக்காட்டு ஆபீசில் தமிழ் படிக்க ஆளில்லை,
எனக்கு மலையாளம் எழுத வராது.
ரெண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒன்றில்
லாரிக்காரர்களின் கஷ்டத்தை அடித்துக் கொடுக்கிறேன்.

பாரோ, லெண்டு. இங்கே இரண்டும் கடன்தான்.
கை எந்தப் பக்கம் நீண்டது என்று கேட்டுவிட்டு அடிப்பேன்.
ஸ்டோலன், ராப்டு.
தூங்கிட்டிருந்தேனுங்க என்றால் முதலாவது,
கத்தியக் காட்டினானுங்க என்றால் அடுத்தது.
பதினொரு வருஷமாக இதில் எனக்குக்
கொஞ்சம் திமிர்.

சித்திரை பிறந்த மூன்றாம் நாள்
தூங்குமூஞ்சி மரத்தை வெட்டினார்கள்.
ரோடு அகலமாகிறதாம்.
வேர் அந்த ஸ்டேட்டில், பாதி நிழல் இந்த ஸ்டேட்டில்
என்று நின்ற மரம்.
அதன் கீழேதான் டாக்டர் சீலுக்காக
மாட்டு லாரிகள் வரிசை கட்டும்.
அதன் கீழேதான் வத்சலா
நம்மூர்க்காரர்களுக்கு அவளூர் லாட்டரி விற்பாள்.

"தணல் போயி மோளே" என்று கடைக்குள் வந்தாள்.
நான் தரையில் நெருப்பைத் தேடினேன்.
நமக்குத் தணல் என்றால்
சாம்பலுக்கடியில் சிவந்து கிடப்பது.
அவளுக்கு, மரத்துக்கடியில் குளிர்ந்து கிடப்பது.
"நிழலா?"
"நிழலல்ல. தணல்."
அவளிடம் இரண்டு சொல் இருந்தது.
என்னிடம் ஒன்று.

ஷேடோ என்று அடித்தேன்.
எங்கள் ஷேடோவை வெட்டிவிட்டீர்கள்.
ஷேடோ இல்லாமல் மாடும் மனிதரும் வாடுகிறோம்.
ஷேடோவைத் திருப்பித் தர உத்தரவிட வேண்டும்.
கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடவில்லை.
எழுத்தில் பிழை இல்லையே.
நாற்பத்தியொரு கையெழுத்து, ஆறு கைநாட்டு.

ஒன்பதாம் நாள் போன் வந்தது.
செக்‌ஷன் கிளார்க், இளம் குரல்,
சிரிப்பை மென்று விழுங்கிய தமிழ்.
"மேடம், மரம் தர்றது ஷேடு.
ஆளோட கூடவே வர்றது ஷேடோ.
நீங்க ரெண்டாவதைத் திருப்பிக் கேட்டிருக்கீங்க.
அதுக்கு இங்க ஃபைல் கிடையாது."

காது சுட்டது.
போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.
மூன்று மணி வெயில். தார் இளகி
டயர்களின் ரேகையை வாங்கிக்கொண்டிருந்தது.
மரம் இருந்த இடத்தில் வத்சலா,
டிக்கெட் அட்டையை மார்போடு பிடித்து நின்றாள்.
அவளிடமிருந்து கிழக்கே சாய்ந்து விழுந்திருந்தது
கறுப்பாக, மெலிந்து, அவளைவிட
ஒரு முழம் நீளமாக ஒன்று.

அதற்குள் உடம்பைக் குறுக்கி
செம்பட்டை நாய் ஒன்று படுத்திருந்தது.
வால் நுனி மட்டும் வெளியே, வெயிலில்.

எதிர்க்கடையில் ஒரு லாரி டிரைவர்
ஏனுங்க, கடைசி நம்பர் எட்டு இருக்குங்களா என்று கத்தினான்.
அவள் போகவில்லை.
இங்க வந்து வாங்கிக்கோ என்று கையால் காட்டினாள்.
கால் மாற்றி நின்றாள்,
இடம் மாறவில்லை.

கிளார்க் தம்பி,
அவளுக்கு அது ஷேடோ.
நாய்க்கு?

உள்ளே வந்து மனுவைத் திரும்ப அடித்தேன்.
ஷேடு, ஷேடு, ஷேடு.
கையெழுத்தெல்லாம் முதலிலிருந்து வாங்க வேண்டும்,
கைநாட்டு வைத்ததில் ஒருவர்
அதற்குள் லோடோடு ஆலத்தூர் போயிருந்தார்.
இந்தப் பக்கத்துக்குக் காசு வாங்கவில்லை.

கடைசி வரியில் மட்டும்
ஒரு ஷேடோ மாறாமல் நின்றுவிட்டது.
கேட்டால், கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொள்வேன்.